சாதிப் பாகுபாடு குறித்து மாவட்ட நிர்வாகத்திடம் புகார் அளித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேநீர்க் கடையில் தனிக் குவளை, முடிதிருத்தும் கடையில் மறுப்பு, சுடுகாட்டுப் பாதையில் திடீரென முளைத்த முள்வேலி என்று ஊரில் நடக்கும் சாதிப் பாகுபாட்டை அரசு அலுவலகத்திற்குக் கொண்டு செல்ல நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றிற்கான பதில்களும் கீழே உள்ளன. தமிழ்நாட்டு மாவட்ட நிர்வாகத்தின் நடைமுறையை மனத்தில் வைத்து இவை எழுதப்பட்டுள்ளன. மாற்றுத்திறன், பாலினம் ஆகியவற்றின் பேரில் நடக்கும் பாகுபாட்டிற்கு வழிகள் வேறு. அவற்றைப் பற்றி ஒரு கேள்வி தனியே உள்ளது.

எவற்றையெல்லாம் பாகுபாடு என்று புகார் செய்யலாம்?

அடியோ ரத்தமோ இருந்தால்தான் வழக்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கடை, உணவகம், மருத்துவமனை, பள்ளி, கோயில், பொதுக் குழாய், குளம், சாலை, சுடுகாடு ஆகியவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, செருப்பணிந்து நடக்கவோ மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ செல்லவோ கூடாது என்பது, திருமண ஊர்வலத்தை மறிப்பது, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஊராட்சித் தலைவரை அவருடைய பணியைச் செய்ய விடாமல் தடுப்பது, ஊரே சேர்ந்து ஒரு குடும்பத்திற்கு வேலையோ மளிகைப் பொருளோ கொடுக்கக் கூடாது என்று ஒதுக்கி வைப்பது ஆகிய எல்லாமே தண்டனைக்குரிய குற்றங்கள். பலர் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதும் குற்றமே. ஆனால் நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாத இடத்தில் நடந்த வசவு அந்தக் குறிப்பிட்ட பிரிவின் கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியிருக்கிறது. எனவே திட்டியபோது அங்கே யார் யார் இருந்தார்கள் என்பது புகாரில் இடம்பெற்றாக வேண்டிய விவரம்.

எந்தச் சட்டத்தின் கீழ் புகார் செய்ய வேண்டும்?

அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 15ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதியின் பேரில் தடை கூடாது என்கிறது. இவற்றை நடைமுறைப்படுத்த இரண்டு சட்டங்கள் உள்ளன. முதலாவது, 1955இல் வந்து 1976இல் பெயர் மாற்றப்பட்ட குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அலுவலக வழக்கில் பி.சி.ஆர். சட்டம். இரண்டாவது, 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இது 2015இல் பெரிதும் விரிவாக்கப்பட்டது. மேலே சொன்ன செருப்பு, மிதிவண்டி, ஊர்வலம், ஊர் ஒதுக்கல் எல்லாம் தனித்தனிக் குற்றங்களாக அப்போதுதான் எழுதப்பட்டன.

மனு எழுதுபவர் பிரிவு எண்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நடந்ததைச் சரியாக எழுதினால் பொருந்தும் பிரிவைச் சேர்ப்பது காவல் அதிகாரியின் வேலை. தவறான பிரிவை எழுதிய மனுவைவிட, பிரிவே எழுதாமல் நாள், இடம், நேரம், பெயர் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லும் மனு எத்தனையோ மேல்.

ஆட்சியரிடம் மனு கொடுத்துவிட்டால் வழக்கு பதிவானதாகப் பொருளா?

இல்லை. இந்த ஒரு குழப்பத்தால் வீணான மாதங்களுக்குக் கணக்கே கிடையாது. ஆட்சியரிடம் கொடுப்பது மனு. காவல் நிலையத்தில் கொடுப்பது குற்றத்தைப் பற்றிய தகவல். மனுவால் பூட்டிய கதவு திறக்கலாம், வேலி அகற்றப்படலாம், தண்ணீர் வரலாம், நிவாரணம் கிடைக்கலாம். குற்றம் செய்தவர் மீது வழக்கு வர வேண்டுமானால் முதல் தகவல் அறிக்கை வேண்டும். ஒன்றைக் கொடுத்ததால் மற்றொன்று தேவையில்லை என்று யார் சொன்னாலும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது.

2022 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதிக் குடும்பங்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்து, அதை விசாரிக்க மாவட்ட ஆட்சியர் நேரில் சென்றார். மக்கள் அவரிடம் கோயிலுக்குள் தங்களை விடுவதில்லை என்றும் தேநீர்க் கடையில் தனிக் குவளை இருக்கிறது என்றும் சொன்னார்கள். அந்த வருகையிலேயே அவர் அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்; கடைக்காரர் மீதும் வழக்கு பதிவானது. தொட்டி வழக்கிலோ குற்றப்பத்திரிகை தாக்கலாக 2025 ஜனவரி வரை ஆயிற்று. நிர்வாகம் நினைத்தால் ஒரே நாளில் செய்யக் கூடியது எது, விசாரணை என்பது எவ்வளவு இழுக்கும் என்பதை இந்த ஓர் ஊரே காட்டுகிறது. இரண்டு கதவுகளையும் ஒரே வாரத்தில் தட்டுவதுதான் நல்லது என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் முறை என்ன?

மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறை தீர்க்கும் நாள் நடக்கிறது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதற்குப் பிறகு வாயிலில் நிற்கும் காவலர்கள் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தண்ணீர் பாட்டிலைக்கூட முகர்ந்து பார்ப்பார்கள். அதற்காகக் கூனிக் குறுக வேண்டியதில்லை. உள்ளே சென்றதும் பதிவு செய்யும் மேசையில் மனுவைக் கொடுத்தால் கணினியில் ஏற்றி எண் போட்டு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அந்த எண் இல்லாத மனு, கொடுக்காத மனுவுக்குச் சமம். பலர் ஆட்சியரின் கையிலேயே கொடுத்துவிட்ட நிறைவில் சீட்டை வாங்காமல் வந்துவிடுகிறார்கள்.

மனுவின் மூன்று பிரதிகளைக் கொண்டு செல்லுங்கள். ஒன்று ஆட்சியருக்கு, ஒன்று காவல் கண்காணிப்பாளருக்கு, ஒன்று முத்திரையும் தேதியும் பெற்று உங்களிடம் வைத்துக்கொள்வதற்கு. அதே வளாகத்தில் இருக்கும் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலரிடம் நகல் கொடுப்பதும் பயன் தரும், ஏனெனில் நிவாரணக் கோப்பு பின்னர் அங்கேதான் நகரும். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் வாரங்களில் கூட்டம் நடக்காது. வாயிலில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். பெட்டியில் போட்டால் ஒப்புகை கிடைக்காது என்பதால் அந்த நாட்களில் ஒப்புகை அட்டையுடன் பதிவஞ்சலில் அனுப்புவதே பாதுகாப்பு.

மனுவை எப்படி எழுதுவது?

அலுவலகத்திற்கு வெளியே மனு எழுதித் தருபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வேகமாக எழுதுவார்கள், கையெழுத்தும் அழகாக இருக்கும். ஆனால் எல்லா மனுவும் ஒரே அச்சில் வரும்: "மனுதாரராகிய நான் மேற்படி முகவரியில் காலங்காலமாக வசித்து வருகிறேன், எங்கள் சமூகத்தினரைத் தொடர்ந்து அவமானப்படுத்தியும் கொடுமைப்படுத்தியும் வருகிறார்கள், தாங்கள் தயவு கூர்ந்து தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." இதில் ஒரு நாள் இல்லை, ஓர் ஆள் இல்லை, நடந்த ஒரு செயலும் இல்லை. விசாரிக்க வரும் கிராம நிர்வாக அலுவலர் "அப்படி ஏதும் இல்லை, ஊரில் அமைதி நிலவுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட இந்த மனுவே இடம் கொடுக்கிறது.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "கடந்த மாதம் 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை சுமார் 9 மணிக்கு, பேருந்து நிறுத்தத்திற்கு எதிரே உள்ள முடிதிருத்தும் கடைக்கு என் மகனை அழைத்துச் சென்றேன். நாற்காலி காலியாக இருந்தது. கடைக்காரர், 'உங்க தெரு ஆட்களுக்கு வெட்டினால் மற்றவர்கள் வரமாட்டார்கள், டவுனுக்குப் போங்கள்' என்றார். அப்போது கடையில் இருவர் காத்திருந்தனர். அதன் பின் பதினைந்து நிமிடத்தில் அவர்களுக்கு முடி வெட்டியதை வாசலில் நின்றே பார்த்தேன்." இந்த ஐந்து வரிகளில் ஒரு விசாரணைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. காலியாக இருந்த நாற்காலிதான் இந்த மனுவின் உயிர். 'அன்றைக்குக் கூட்டம் அதிகம்' என்று கடைக்காரர் பின்னால் சொல்ல முடியாமல் செய்வது அந்த ஒரு வாக்கியம்.

பேசிய சொற்களை அவர்கள் பேசிய பேச்சு மொழியிலேயே எழுதுங்கள், வசவாக இருந்தாலும். 'தகாத வார்த்தையால் திட்டினார்' என்று நாகரிகம் கருதி மாற்றி எழுதினால், சாதிப் பெயரைச் சொன்னாரா என்ற முக்கியமான விவரம் காணாமல் போகும். முடிவில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தனித்தனியே கேளுங்கள்: பாதையிலுள்ள வேலியை அகற்ற வேண்டும், வட்டாட்சியர் அளவை செய்ய வேண்டும், காவல் கண்காணிப்பாளருக்கு இந்த மனுவை அனுப்ப வேண்டும், எங்கள் குடும்பத்திற்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது போல. 'தக்க நடவடிக்கை' என்று கேட்டால், எது தக்கது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

ஆதாரம் இல்லையென்றால் புகார் கொடுக்க முடியாதா?

கொடுக்கலாம். உங்கள் வாய்மொழியே ஆதாரம்தான். புகைப்படம், கைப்பேசிப் பதிவு, அன்றைய ரசீது இருந்தால் நகலை இணையுங்கள். மூலத்தையும் கைப்பேசியையும் உங்களிடமே வைத்திருங்கள். பட்டியல் சாதியினர் ஒருவருக்கு எதிராகப் பி.சி.ஆர். சட்டத்தின் கீழான குற்றச் செயல் நடந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அது தீண்டாமையின் அடிப்படையில் நடந்ததாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும், எதிராளி உங்களையோ உங்கள் குடும்பத்தையோ அறிந்தவராக இருந்தால் உங்கள் சாதி அவருக்குத் தெரியும் என்றே கொள்ளப்படும். சிற்றூரில் 'எனக்கு அவர் என்ன சாதி என்றே தெரியாது' என்ற வாதம் எவ்வளவு வேடிக்கையானது என்பதைச் சட்டம் எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள்.

சாதிச் சான்றிதழ் கட்டாயமா?

வழக்குப் பதிய அது முன்நிபந்தனை அன்று. பின்னர் நிவாரணத்திற்கும் நீதிமன்றத்திற்கும் தேவைப்படும் என்பதால் நகல் இருந்தால் இணைத்துவிடுங்கள்.

காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் என்ன செய்வது?

வாய்மொழியாகச் சொன்னாலும் அதை எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டி, அதன் பிறகே கையெழுத்து வாங்கி, நகலை உடனே இலவசமாகத் தர வேண்டியது நிலைய அதிகாரியின் கடமை. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை எதுவும் தேவையில்லை. எனவே 'விசாரித்துவிட்டுப் பதிகிறோம்' என்ற பதில் இந்தச் சட்டத்திற்குப் பொருந்தாது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு, அவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருந்தால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை என்று நான்காவது பிரிவு சொல்கிறது. துறைரீதியான விசாரணையின் பரிந்துரைக்குப் பிறகுதான் அந்தக் குற்றச்சாட்டு வரும் என்பதால் இதை மிரட்டலாகப் பயன்படுத்துவதில் பயன் இல்லை. மனுவில் ஒரு வரியாகக் குறிப்பிட்டால் போதும்.

மறுத்தால் புகாரின் சுருக்கத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவஞ்சலில் அனுப்புங்கள். நிலையத்திற்குச் சென்ற நாளும் நேரமும், பேசிய அதிகாரியின் பதவியும் அதில் இருக்க வேண்டும். அதற்கும் பலன் இல்லையென்றால் நீதிமன்றத்தை நாடலாம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை தாண்டிய இடம் என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதை 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் எழுத்திலேயே சொல்கிறது. மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண் 14566. மாவட்டந்தோறும் காவல் துறையின் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவும் இருக்கிறது.

சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அது போதுமா?

போதாது. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு நிலையத்திற்கு வந்தது என்பதற்கான ரசீது மட்டுமே. முதல் தகவல் அறிக்கையில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் அச்சிடப்பட்டிருக்கும். கையில் உள்ள தாளில் அந்த இரண்டும் இருக்கிறதா என்று நிலையத்தின் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே பாருங்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் சேர்க்கப்பட்டிருந்தால் விசாரணை அதிகாரி துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். உதவி ஆய்வாளர் ஒருவர் மட்டும் வந்து வாக்குமூலம் வாங்கிச் சென்றால், அந்தப் பிரிவுகள் சேர்க்கப்படவில்லையோ என்று சந்தேகிக்க இடம் உண்டு.

வட்டாட்சியர் சமாதானக் கூட்டத்திற்கு அழைக்கிறார். போகலாமா?

போகலாம். ஆனால் தனியாகப் போகாதீர்கள். எழுதப்பட்டதைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். சமாதானக் கூட்டம் என்பது சட்டம் ஒழுங்கு கெடாமல் பார்த்துக்கொள்ள வருவாய்த் துறை நடத்தும் ஒன்று. அதற்கு அந்த அளவில் ஒரு பயன் இருக்கத்தான் செய்கிறது. சுடுகாட்டுப் பாதையில் பிணத்தை வைத்துக்கொண்டு இரு தரப்பும் நிற்கும்போது, அன்றைய மாலைக்குள் முடிவு காண வேறு வழி இருப்பதில்லை.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், மேசையின் ஒரு பக்கம் உரிமை மறுக்கப்பட்டவரும் மறுபக்கம் மறுத்தவரும் சம தரப்பாக உட்கார வைக்கப்பட்டு, 'இரு தரப்பினரும் ஒற்றுமையாக வாழ்வதென ஒப்புக்கொண்டனர்' என்று ஒரு தாள் தயாராகும்போதுதான். சில தாள்களில் 'மனுதாரர் தமது புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்' என்ற வரி கடைசிக்கு முந்திய வரியாக, யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கும். அந்த வரியை அடிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்புக்கொண்டது எதுவோ அதை நாள் குறித்து எழுதச் சொல்லுங்கள்: எந்தத் தேதிக்குள் வேலி அகற்றப்படும், யார் அகற்றுவார், மேற்பார்வை எந்த அலுவலர். அதன் கீழே 'காவல் நிலையத்தில் அளித்த புகாருக்கும் இதற்கும் தொடர்பில்லை' என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். வன்கொடுமைக் குற்றம் வட்டாட்சியர் முன்னிலையில் சமரசம் பேசி முடித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்ததன்று.

புகார் அளிக்கக் காலவரம்பு உண்டா?

ஆட்சியருக்கு மனு அளிக்க வரம்பு இல்லை. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது என்பது குற்றவியல் நடைமுறையின் பொது விதி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் மேலே சொன்ன குற்றங்களுக்கு ஐந்தாண்டு வரை தண்டனை உண்டு. மாநில மனித உரிமை ஆணையமோ நிகழ்வு நடந்து ஓராண்டு கடந்தால் விசாரிக்க முடியாது. வரம்பு எதுவாக இருந்தாலும் தாமதத்திற்குக் காரணம் கேட்பார்கள். பயந்து பேசாமல் இருந்திருந்தால் பயந்தது உண்மை என்றே எழுதுங்கள்.

கட்டணம், வழக்கறிஞர், மொழி?

மனுவுக்குக் கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் பேசலாம்.

நிவாரணத் தொகை எப்போது கிடைக்கும்?

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், குற்றத்தின் தன்மைக்கேற்ப ரூ.85,000 முதல் ரூ.8,25,000 வரை நிர்ணயித்தது. இது முழுவதும் ஒரே தவணையில் வருவதில்லை. பெரும்பாலான குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவானதும் ஒரு பங்கு, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்திற்குச் சென்றதும் ஒரு பங்கு, தண்டனை கிடைத்தால் மீதி என்று பிரித்துத் தரப்படும். உடனடி நிவாரணத்தை ஏழு நாளுக்குள் வழங்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். விசாரணைக்கும் நீதிமன்றத்திற்கும் சென்று வரும் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படி உண்டு. அதை யாரும் கேட்பதில்லை, கேட்காததால் யாரும் கொடுப்பதும் இல்லை.

'காசுக்காகத்தான் கேஸ் போட்டார்கள்' என்று ஊரில் பேசுவார்கள். இந்தத் தொகை சட்டம் தருவது. அதை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கிறிஸ்தவத்திற்கு மாறியவர்கள் புகார் அளிக்கலாமா?

இங்கே சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பட்டியல் சாதியினர் யார் என்பதை வரையறுக்கும் 1950ஆம் ஆண்டு ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். ஆகவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அதே தெரு, அதே வேலி, அதே தனிக் குவளை என்றாலும் இதுதான் நிலை. பி.சி.ஆர். சட்டம் 'எந்த ஒரு நபருக்கும்' எதிரான தீண்டாமைச் செயலைத் தண்டிப்பதால் அந்த வழி திறந்தே இருக்கிறது. ஆட்சியரிடம் மனு அளிப்பதற்கும் மனித உரிமை ஆணையத்தை அணுகுவதற்கும் சமயம் தடையன்று. பழங்குடியினருக்கு இந்தச் சமய வரையறை கிடையாது.

பெயரைச் சொல்லாமல் புகார் கொடுக்க முடியுமா?

அனுப்பலாம், ஆனால் பெயரில்லா மனுவின் மீது நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அலுவலகத்திற்கு இல்லை. அதைவிட நல்ல வழி, பாதிக்கப்பட்டவருக்குப் பதிலாக விவரம் அறிந்த வேறொருவரோ ஓர் அமைப்போ தகவல் கொடுப்பது. குற்றத் தகவலைப் பாதிக்கப்பட்டவர்தான் கொடுக்க வேண்டும் என்ற விதி இல்லை. பாதிக்கப்பட்டவர், சாட்சிகள், அவர்களுடைய குடும்பத்தினர் ஆகியோருக்குப் பாதுகாப்பு அளிக்கும் பொறுப்பை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு அரசின் மீது சுமத்துகிறது. சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்கச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம். புகார் கொடுத்த மறுவாரம் உங்கள் கூலி வேலை நின்றாலோ பால் கொள்முதல் மறுக்கப்பட்டாலோ, அது புதிய குற்றம். அதற்குத் தனி மனு கொடுக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு எங்கள் மீதே திருட்டுப் புகார் கொடுத்துவிட்டது. என்ன செய்வது?

இது ஊரறிந்த உத்தி. பட்டியல் சாதியினர் மீது பொய்யான வழக்குத் தொடுப்பதும், அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுத்து அவர்களுக்குத் தீங்கு விளைவிப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றங்களாக உள்ளன. உங்கள் புகாரின் தேதியும் அவர்கள் புகாரின் தேதியும் அருகருகே இருக்குமாறு காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்க மனு எழுதுங்கள். எந்தப் புகார் எதற்குப் பின் வந்தது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். முதல் நாள் வாங்கி வைத்த ஒப்புகைச் சீட்டு இப்போதுதான் கைகொடுக்கும்.

சாதி அல்லாத பாகுபாடுகளுக்கு யாரிடம் செல்வது?

மாற்றுத்திறனாளி அரசு ஊழியர் பணியில் பாகுபாடு கண்டால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி அந்த அலுவலகத்திலேயே உள்ள குறை தீர்க்கும் அலுவலரிடம் புகார் அளிக்கலாம். பதிவான இரண்டு வாரத்தில் விசாரணை நடக்க வேண்டும். நிறைவில்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவையும், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரையும் அணுகலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு, பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமாக இருந்தாலோ புகாரே முதலாளி மீது இருந்தாலோ, மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் இதுவே இடம். மூன்று மாதத்திற்குள் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

மனு கொடுத்து மாதங்கள் ஆகியும் பதில் இல்லை. அடுத்து என்ன?

முதலில், பதில் உண்மையிலேயே வரவில்லையா என்று பாருங்கள். 'மனு தொடர்புடைய அலுவலருக்கு அனுப்பப்பட்டு முடிக்கப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கலாம். அனுப்பியதையே முடித்ததாகக் கணக்கில் எழுதுவது அலுவலகக் கலை. அப்படி முடிக்கப்பட்டிருந்தால் பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டுப் புதிய மனு கொடுங்கள்.

ஆட்சியரின் தலைமையில் மாவட்ட அளவிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்கிறது. குறைந்தது மூன்று மாதத்திற்கு ஒருமுறை கூட வேண்டிய இக்குழுவில் காவல் கண்காணிப்பாளரும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் அரசு சாராத உறுப்பினர்களும் உண்டு. உங்கள் வழக்கை அடுத்த கூட்டத்தின் பொருளில் சேர்க்குமாறு எழுதிக் கேளுங்கள். அரசு சாராத உறுப்பினர்கள் யார் என்று விசாரித்து ஒருவரிடம் நேரில் பேசிவிட்டால், கூட்டத்தில் கேள்வி எழுப்ப ஒரு வாய் கிடைத்துவிடும்.

பிறகு தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதும்போது 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள். காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். 'இந்த எண்ணுள்ள மனு எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலருக்கு அனுப்பப்பட்டது, அவர்கள் அளித்த அறிக்கையின் நகல், கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்' என்று ஆவணங்களைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கிராம நிர்வாக அலுவலர் ஊருக்கு வராமலே எழுதிய அறிக்கை கையில் கிடைத்தால், அதில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர்கள் யார், அவர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்று ஒரு தாளில் எழுதி, அந்த நகலுடன் இணைத்து, 2021இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்திற்கோ தேசிய ஆணையத்திற்கோ அனுப்புங்கள். ஆணையம் விளக்கம் கேட்டு ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் எழுதும்போது, முதல் மனுவின் எண், பதிவஞ்சல் ரசீது, சமாதானக் கூட்டத் தாள், தகவல் உரிமைப் பதில் எல்லாம் தேதி வரிசையில் ஒரே கோப்பில் உங்களிடம் இருக்க வேண்டும்.